கணக்கில் காசு கிடக்கிறது, ஆனால் கைவைக்கத் தயங்குகிறார்கள்: ‘ஒஃப்செற்’ கணக்கும் வீட்டுக் கடன் வட்டியும்

“தம்பியின்ரை கணக்கிலை ஐம்பதாயிரம் டொலர் கிடக்குதாம். இஞ்சை அம்மாவின்ரை கண் ஒப்பரேசனுக்கு ஒரு இலட்சம் கேட்டால், ‘காசெல்லாம் லோனோடை கட்டுப்பட்டுக் கிடக்கு அக்கா’ எண்டு சொல்லுறான்.”

அவுஸ்திரேலியாவில் உறவுகள் உள்ள குடும்பங்களில் இப்படியொரு மனத்தாங்கல் அடிக்கடி எழுகிறது. ஐம்பதாயிரம் அவுஸ்திரேலிய டொலர் என்பது ரூபாயில் ஒரு கோடிக்கு அண்மித்த தொகை. கணக்கில் கிடக்கும் காசு எப்படிக் கடனோடு கட்டுப்பட்டுக் கிடக்கும்? தம்பி பொய் சொல்கிறாரா? இல்லை. ஆனால் அவர் சொல்வது முழு உண்மையும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ‘ஒஃப்செற்’ கணக்கு. அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் அங்கிருப்பவருக்கும் நல்லது, இங்கிருப்பவருக்கும் நல்லது.

2023 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரசாங்கம், தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. படகில் போய்ச் சேர்ந்த எங்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அதன் பின்னர்தான் ‘சொந்த வீடு’ என்ற பேச்சே எழுந்தது. (அந்த அறிவிப்புக்குள் அடங்காமல், இணைப்பு விசாவில் இன்னமும் அந்தரத்தில் நிற்பவர்களின் கதை வேறு.) போரில் ஒரு வீட்டை இழந்துவிட்டுப் போனவர் இன்னொரு நாட்டில் முப்பது வருடக் கடனில் ஒரு வீட்டை வாங்கும்போது, வங்கிக்காரர் நீட்டும் பத்திரத்தில் ‘ஒஃப்செற் வேண்டுமா, வேண்டாமா’ என்ற கேள்வியும் இருக்கும். ஆங்கிலம் போதாதவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அந்தத் தலையாட்டலின் பெறுமதி சில வேளைகளில் இலட்சக்கணக்கான டொலர்.

வட்டி எதன் மேல் விழுகிறது?

அவுஸ்திரேலியாவில் வீட்டுக் கடனுக்கான வட்டி நாளாந்தம் கணக்கிடப்பட்டு, மாதத்துக்கு ஒருமுறை கடனில் ஏற்றப்படுகிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் ‘இவர் எங்களுக்கு இன்னும் எவ்வளவு தரவேண்டும்’ என்று வங்கி பார்க்கும். அந்த மிகுதிக்கு அன்றைய ஒரு நாள் வட்டி விழும்.

ஒஃப்செற் கணக்கு என்பது அந்தக் கடனோடு இணைக்கப்பட்ட ஒரு சாதாரண நடைமுறைக் கணக்கு. சம்பளம் அதில் விழலாம், அட்டையால் செலவழிக்கலாம், நினைத்த நேரம் எடுக்கலாம். வித்தியாசம் ஒன்றுதான்: அந்தக் கணக்கில் உள்ள காசுக்கு வங்கி உங்களுக்கு வட்டி தராது. பதிலாக, அந்தத் தொகையைக் கடன் மிகுதியிலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் வட்டி போடும்.

600,000 டொலர் கடன், ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, 30 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 3,597 டொலர். ஒஃப்செற் கணக்கில் எதுவும் இல்லையென்றால் ஒரு நாளைய வட்டி 98 டொலர் 63 சதம். அதில் 50,000 டொலர் இருந்தால் வட்டி 550,000 டொலருக்கு மட்டும்தான்; ஒரு நாளைக்கு 90 டொலர் 41 சதம். நாளொன்றுக்கு 8 டொலர் 22 சதம் மிச்சம். மாதத்துக்குச் சராசரியாக 250 டொலர்.

“ஆனால் என்ரை தவணை குறையேல்லையே!” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான வங்கிகளில் தவணை குறையாது, அதே 3,597 டொலர்தான் போகும். மாறுவது அந்தத் தவணையின் உள்ளடக்கம். ஒஃப்செற் இல்லாதவருக்கு முதல் மாதத் தவணையில் 3,000 டொலர் வட்டிக்குப் போய், 597 டொலர்தான் முதலில் கழியும். 50,000 வைத்திருப்பவருக்கு வட்டி 2,750 ஆகக் குறைந்து, 847 டொலர் முதலில் கழியும். அடுத்த மாதம் அவருடைய கடன் மிகுதி அந்தளவுக்குக் குறைவாக இருக்கும், ஆகவே வட்டியும் இன்னும் கொஞ்சம் குறையும். தண்ணீர் இறைப்புபோல, ஒவ்வொரு வாளியும் கிணற்றின் மட்டத்தைச் சற்றுக் கீழே கொண்டுபோகிறது.

வட்டி வீதமும் தவணையும் மாறாமல், அந்த 50,000 டொலரும் தொடப்படாமல் இருந்தால் என்ன நடக்கும்? 24 வருடமும் இரண்டு மாதமும் ஆகும்போது கடன் மிகுதி 50,000 ஆக இறங்கிவிடும். கணக்கில் இருக்கும் 50,000 ஐ எடுத்துக் கட்டினால் கடன் முடிந்தது. முப்பது வருடம் கட்டுபவர் செலுத்தும் மொத்த வட்டி ஏறக்குறைய 695,000 டொலர். இவர் செலுத்துவது 493,000 அளவில். மிச்சம் 202,000 டொலர், ஏறத்தாழ ஆறு வருடத் தவணையும் இல்லை. நடைமுறையில் வட்டி வீதம் ஒரே இடத்தில் நிற்காது. அவுஸ்திரேலிய மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2022 மே மாதத்துக்கு முன் 0.10 சதவீதமாக இருந்தது. 2023 நவம்பரில் 4.35 ஐத் தொட்டது. அந்த ஒன்றரை வருடத்தில் தவணை கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீதம் ஏற ஏற ஒஃப்செற் கணக்கில் உள்ள ஒவ்வொரு டொலரும் கூடுதலாக மிச்சம் பிடிக்கும், இறங்கினால் குறைவாகப் பிடிக்கும்.

சேமிப்புக் கணக்கில் போட்டால் என்ன?

இங்கே வரி வருகிறது. 50,000 டொலரை 4.5 சதவீத வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போட்டால் வருடத்துக்கு 2,250 டொலர் வட்டி கிடைக்கும். அது வருமானம் என்பதால் வரி உண்டு. ஆண்டு வருமானம் 45,000 டொலருக்கு மேல், 135,000 வரை உள்ளவருக்கு 2024 யூலை முதல் அந்தப் பகுதிக்கான வரி 30 சதவீதம். அதோடு மருத்துவ வரி 2 சதவீதம். கையில் மிஞ்சுவது 1,530 டொலர். அதே காசு ஒஃப்செற்றில் இருந்தால் மிச்சம் 3,000 டொலர், அதற்கு வரியே இல்லை. ஏனென்றால் நீங்கள் எதையும் உழைக்கவில்லை, கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் விட்டீர்கள். செலவு குறைந்ததற்கு எந்த நாட்டிலும் வருமான வரி இல்லை.

2022 இல் இலங்கையில் நிலையான வைப்புகளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தபோது, “அங்கை 6 வீதத்தை மிச்சம் பிடிக்கிறதை விட்டிட்டு இஞ்சை கொண்டுவந்து போடு” என்று ஊரிலிருந்து யோசனை சொன்னவர்கள் ஏராளம். வட்டியை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு 200 ரூபாய் அளவில் இருந்த பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. சரிவுக்கு முன் ரூபாயில் வைப்புச் செய்திருந்தவரின் காசு, டொலரில் அளந்தால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. டொலரில் கடன் உள்ளவர் ரூபாயில் வட்டி தேடுவது இரண்டு தோணியில் கால் வைப்பது.

எடுக்கக்கூடிய காசு

கையில் உள்ள 50,000 ஐக் கடனிலேயே கட்டினாலும் வட்டி இதேயளவு குறையும். அப்படியானால் ஒஃப்செற் எதற்கு?

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்விதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். அங்குள்ள வெள்ளைக்காரக் குடும்பத்துக்குத் திடீர்ச் செலவு என்றால் கார் பழுதாகும், கூரை ஒழுகும். எங்கள் குடும்பங்களுக்கு நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அப்பா, காணி எல்லைச் சண்டைக்குச் சட்டத்தரணி, தங்கச்சியின் கலியாணம், யாராவது இறந்தால் உடனே விமானச் சீட்டு. காசு மறுநாளே வேண்டும்.

கடனில் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திருப்பி எடுக்கும் வசதிக்கு ‘றீட்ரோ’ என்று பெயர். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் றீட்ரோவில் உள்ள காசு சட்டப்படி உங்களுடையது அல்ல. வங்கிக்குக் கொடுத்து முடிந்த காசு. திரும்பத் தருவது ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வசதி மட்டும்தான், அதன் எல்லையை வங்கி மாற்றலாம். 2020 இல், கோவிட் தொற்று நடுவில், அவுஸ்திரேலிய வங்கி ஒன்று அப்படித்தான் திடீரென்று வாடிக்கையாளர்களின் றீட்ரோ எல்லையைக் குறைத்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர் பின்வாங்கியது. ஒஃப்செற்றில் உள்ளதோ உங்கள் வைப்பு. வங்கி முறிந்தாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 டொலர் வரை அரசாங்க உத்தரவாதம் அதற்கு உண்டு.

வரியிலும் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. சில வருடங்களின் பின் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போக எண்ணமிருந்தால் இது பெரிய விடயம். வாடகை வீட்டின் கடன் வட்டியை வருமானத்தில் கழிக்க அனுமதி உண்டு. ஆனால் கடன் காசு எதற்குப் பயன்பட்டது என்பதைத்தான் வரித் திணைக்களம் பார்க்கும். றீட்ரோவில் எடுத்து அடுத்த வீட்டுக்கோ கலியாணத்துக்கோ செலவழித்தால் அது புதிதாகக் கடன் எடுத்ததுபோல. அந்தப் பகுதியின் வட்டியைக் கழிக்க முடியாது. ஒஃப்செற்றிலிருந்து எடுத்தால் அது உங்கள் சொந்தச் சேமிப்பு. மூலக் கடன் அப்படியே இருக்கும், அதன் தன்மை மாறாது. இப்படியான எண்ணம் உள்ளவர்கள் கணக்காளர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது. பின்னர் திருத்த முடியாது.

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். ஒரு இலட்சம் ரூபாய் என்பது ஏறக்குறைய 500 டொலர். அதை ஒஃப்செற்றிலிருந்து எடுத்தால் தம்பிக்கு ஏற்படும் மேலதிக வட்டி மாதத்துக்கு இரண்டரை டொலர். அடுத்த சம்பளத்தில் திரும்பப் போட்டுவிட்டால் இழப்பு அந்த இரண்டரை டொலரோடு முடிந்தது, ஒரு கோப்பிக் காசும் இல்லை. ஆகவே கண் சத்திரசிகிச்சைக்கு ஒஃப்செற்றைக் காரணம் காட்டுவது சரியல்ல. ஆனால் “அந்த ஐம்பதாயிரத்தையும் அனுப்பு, பக்கத்துக் காணி விலைக்கு வருது” என்று கேட்டால் அது வேறு. அன்றிலிருந்து மாதம் 250 டொலர் கூடுதலாக வட்டிக்குப் போகும். வேலை போனால் தாங்குவதற்கு இருந்த ஒரே கைப்பிடியும் போய்விடும். 50,000 டொலர் என்பது அவருக்கு பதினான்கு மாதத் தவணைக்குச் சற்றுக் குறைவு. வேலையில்லாத ஒரு வருடத்தை அவர் வீடு போகாமல் கடக்க உதவுவது அந்தக் காசுதான்.

எல்லோருக்கும் இலாபமா?

இல்லை. ஒஃப்செற் உள்ள கடனுக்குப் பல வங்கிகள் ஆண்டுக் கட்டணம் அறவிடுகின்றன, அல்லது வட்டி வீதத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுகின்றன. ஆண்டுக்கு 395 டொலர் கட்டணம் என்றால், 6 சதவீதத்தில் அதை ஈடுசெய்யவே சராசரியாக 6,600 டொலர் அளவில் கணக்கில் இருக்கவேண்டும். ஒஃப்செற் இல்லாத கடன் 5.8 சதவீதத்துக்கும் ஒஃப்செற் உள்ளது 6 சதவீதத்துக்கும் கிடைத்தால், 600,000 டொலரில் அந்த 0.2 சதவீதம் வருடத்துக்கு 1,200 டொலர். அதை மீட்கக் கணக்கில் எப்போதும் 20,000 டொலர் கிடக்கவேண்டும். சம்பளம் வந்த கையோடு தவணைக்கும், சீட்டுக்கும், ஊருக்கும் போய், மாத முடிவில் கணக்கு வெறுமையாகும் குடும்பத்துக்கு ஒஃப்செற் இல்லாத மலிவான கடன்தான் பொருத்தம். முகவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

நிலையான வட்டி வீதக் கடன்களுக்குப் பெரும்பாலும் முழு ஒஃப்செற் கிடைக்காது. சில இடங்களில் ‘பகுதி ஒஃப்செற்’ என்று விற்பார்கள், கணக்கில் உள்ளதில் ஒரு பங்கை மட்டுமே கழிப்பார்கள். ‘நூறு சதவீதமா’ என்று கேட்டு, எழுத்தில் வாங்கவேண்டும். கணக்கைத் திறந்த பின் அது கடனோடு உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதல் மாத அறிக்கையிலேயே பார்க்கவேண்டும். இணைக்காமலே விட்டு, வருடக்கணக்கில் முழு வட்டியும் அறவிட்டு, பின்னர் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த வங்கிகள் அந்த நாட்டில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கமென்றால் 131 450 என்ற அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவையின் எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம்.

சம்பளத்தை ஒஃப்செற்றில் விட்டு, செலவு முழுவதையும் கடன் அட்டையில் போட்டு மாத முடிவில் கட்டும் ‘தந்திரம்’ ஒன்றும் உலவுகிறது. அதனால் சராசரி மிகுதி 3,000 டொலர் கூடினால் வருடத்துக்கு 180 டொலர் மிச்சம். ஒரு மாதம் அட்டையைக் கட்டத் தவறினால் அந்த மிச்சம் பறந்துவிடும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

எங்கள் சமூகத்தில் வேறொரு வழக்கம் இருக்கிறது. சீட்டுக் காசு, தம்பியின் சேமிப்பு, ஊரில் காணி விற்ற அம்மாவின் காசு என்று உறவுகளின் பணத்தையும் ஒருவருடைய ஒஃப்செற்றில் போட்டுவைப்பது. கடன் உள்ளவருக்கு வட்டி குறையும், காசு உள்ளவருக்குச் செலவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கியின் பார்வையில் அந்தக் கணக்கில் உள்ளது முழுவதும் கணக்கு வைத்திருப்பவரின் காசு. அவர் இறந்தால், மணமுறிவு வந்தால், கடனில் முறிந்தால், “அதிலை 30 ஆயிரம் என்ரை” என்று வாய்ச்சொல்லால் நிறுவ முடியாது. செய்வதென்றால் திகதி, தொகை, யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சொந்தத்துக்குள் எழுதுவது வெட்கம் என்று நினைத்துப் பகையானவர்கள் குறைவில்லை. சில வங்கிகள் ஒரே கடனோடு பல ஒஃப்செற் கணக்குகளை இணைக்க விடுகின்றன. ‘அம்மாவின் மருந்து’, ‘சீட்டு’, ‘வீட்டு வரி’ என்று பிரித்து வைத்தால் எது யாருடையது என்ற குழப்பமாவது குறையும்.

இங்குள்ளவர்களுக்கு இதில் என்ன?

இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாய் கூரைக்குப் போதாமல், நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் வீட்டை முடித்தவர்கள் வன்னியில் நிறையப்பேர். வட்டி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் வட்டி எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்ற அந்த ஒரு கேள்வி இங்கும் அதேயளவு பெறுமதியானது.

ஒரு இலட்சம் ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம், 12 மாதத் தவணை என்று ஒருவர் கடன் தருகிறார். முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்குமாக 24,000 ரூபாய் வட்டியை முதலிலேயே கூட்டி, மாதம் 10,333 ரூபாய் கட்டச் சொல்கிறார். ஆறாம் மாதத்தில் நீங்கள் அரைவாசியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் வட்டி இன்னமும் முழு இலட்சத்துக்குத்தான் போகிறது. குறைந்துசெல்லும் மிகுதிக்கு வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 41 முதல் 42 சதவீதம். பெண்களின் கண்ணீருக்குப் பின் 2018 இன் இறுதியில் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வந்தபோதும், கேட்கவேண்டிய கேள்வி இதுவாகவே இருந்தது: எந்தக் கணக்குமுறையில் 35?

இப்படி முன்கூட்டியே கூட்டிய வட்டிக்கு ஒஃப்செற் போன்ற எந்த வழியும் உதவாது. நேரத்துக்கு முன் கட்டினாலும், கையில் காசு சேர்ந்தாலும் வட்டி குறையாது. குறைந்துசெல்லும் மிகுதிக்கு வட்டி என்றால், நத்தாருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த காசை இடையில் கட்டினாலும் அடுத்த நாளிலிருந்தே பலன் தெரியும். இலங்கை வங்கிகளில் ஒஃப்செற்றுக்கு மிக நெருங்கிய வசதி மேலதிகப்பற்றுத்தான். கடை வைத்திருப்பவர் அன்றன்றைய விற்பனைக் காசை நடைமுறைக் கணக்கில் போடப் போட, பாவித்த தொகை குறைந்து வட்டியும் அன்றே குறையும். அந்தக் காசை மேசை இலாச்சியில் வைத்திருப்பவர் இரவெல்லாம் சும்மா வட்டி கட்டுகிறார்.

சேமிப்புப் புத்தகத்தில் மூன்று இலட்சத்தைச் சொற்ப வட்டிக்கு வைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் அடகுக் கடைக்கு அதைவிடப் பலமடங்கு வட்டி கட்டும் வீடுகளும் இருக்கின்றன. அவசரத்துக்கு ஒரு தொகையை வைத்துக்கொண்டு மிகுதியால் நகையை மீட்பதுதான் அங்கே ஒஃப்செற். வங்கிக் கடனை முன்கூட்டிக் கட்டுவதென்றால் அதற்குக் கட்டணம் உண்டா, கட்டினால் தவணை குறையுமா அல்லது காலம் குறையுமா என்று முகாமையாளரிடம் கேளுங்கள். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய விட்டால், தவணை தாங்கக்கூடியதாக இருக்கும்வரை காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மொத்த வட்டி அதில்தான் கூடுதலாகக் குறையும்.